பொத்தான் யாருக்கு, படம் யாருக்கு?

புகைப்படம் பற்றிய பழைய சர்ச்சையொன்று அண்மைக் காலத்தில் மீண்டும் தலைதூக்கியுள்ளது. இருபது வயதை எட்டிய இளைஞர் சிலர், பெற்றோர் அலுமாரியின் அடித்தட்டிற் கைவிட்டுப்போன சிறிய படச்சுருட் கமராக்களைத் தேடியெடுத்து, துடைத்து, மின்கலமிட்டு, மணிக்கட்டிலே தொங்கவிட்டுத் திரிகின்றனர். கைத்தொலைபேசியாற் பிடிக்கப்படுவது படமன்று, கணினி செய்த கணக்கு என்பது அவர்களது வாதம். 36 படங்களுக்கு மேல் இடந்தராத கருவியே மனிதனை நின்று பார்க்கப் பழக்குகின்றது என்றும், பிலிமில் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும் என்றும் அவர்கள் கூறுவர். எதிரணியில் நிற்போரோ, ஒவ்வொருவரது சட்டைப்பையினுள்ளும் கமரா புகுந்துவிட்ட இக்காலத்திற்றான் புகைப்படம் மக்கள் கலையாயிற்று என ஆர்ப்பரிப்பர். முதலாமவர் கருவியின் நேர்மை பற்றிப் பேச, இரண்டாமவர் கருவியின் பரவல் பற்றிப் பேசுகின்றனர். கருவியைச் செய்தவர் யார், அதனுள்ளே முடிவெடுப்பவர் யார், எடுத்த படம் ஈற்றில் யார் கையிற் போய்ச் சேருகின்றது என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. எழுப்பியிருப்பின் இச்சர்ச்சையே வேறொரு திசையிற் சென்றிருக்கும்.

முதலிற் படச்சுருளின் நேர்மை பற்றிய நம்பிக்கையை நோக்குவோர், அதன் வரலாற்றை 1888 இலிருந்து தொடங்குதல் பொருந்தும். அவ்வாண்டில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் தமது 'கொடாக்' கமராவை 25 டொலருக்கு விற்பனைக்கு விட்டபோது, அதனுள்ளே 100 படங்களுக்கான சுருள் ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. வாங்கியவர் அச்சுருளைத் தொடவேண்டியதில்லை. நூறும் முடிந்ததும் கமராவையே பொதிசெய்து அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகருக்கு அனுப்பினாற் போதும். 10 டொலர் கட்டணத்துக்குப் படங்கள் கழுவி அச்சிடப்பட்டுக் கமராவும் புதிய சுருளோடு திரும்பிவரும். பொத்தானை அமுக்குவது வாங்கியவர் வேலை, மிகுதியனைத்தும் கம்பனியின் வேலை என்பதே அக்காலத்து விளம்பரத்தின் சாரம். 1900 இல் ஒரு டொலருக்கு வந்த 'பிறவுணி' கமரா இவ்வேற்பாட்டைச் சிறுவர் வரைக்கும் கொண்டுசென்றது. அதற்கு முன்னர் புகைப்படம் எடுத்தவர் கண்ணாடித் தட்டுக்கு இரசாயனம் பூசவும், இருட்டறையிற் கழுவவும், அச்சிடவும் அறிந்திருந்தார். உற்பத்தி முழுவதும் அவர் கையில் இருந்தது. கொடாக் செய்த புரட்சி இவ்வுற்பத்தியை இரண்டாகப் பிளந்தமையே. அமுக்குதல் என்னும் இலகுவான பகுதி மக்களுக்குக் கிடைத்தது. ஆக்குதல் என்னும் பகுதி தொழிற்சாலைக்குள் அடைபட்டது. பின்வந்த நூற்றாண்டு முழுவதும் இப்பிளவே அகன்று வந்துள்ளது. கைத்தொலைபேசி அதன் முறிவன்று, தொடர்ச்சியே.

இன்று புனிதப் பொருளாகக் கையாளப்படும் சிறிய கமராக்களும் அத்தொடர்ச்சியின் ஒரு படிதான். 1977 இல் யப்பானியக் கம்பனியொன்று வெளியிட்ட 'கொனிக்கா சி35 ஏ.எப்.' என்னும் கமரா, தூரத்தைத் தானே அளந்து வில்லையை நகர்த்திய முதலாவது பெருந்தொகை உற்பத்தியாகும். 1983 இல் கொடாக் அறிமுகஞ்செய்த குறியீட்டு முறையினால், படச்சுருட் கூட்டின் மேலுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் கமராவே வாசித்து ஒளியுணர்திறனை அறிந்துகொண்டது. 1991 இல் வந்த ஒலிம்பஸ் மியூ, 1997 இல் வந்த அதன் இரண்டாம் வடிவம் ஆகியவற்றில் ஒளிபடு நேரம், துவாரம், தூரம், மின்னொளி எரிவது எரியாதது, சுருளை முன்னகர்த்துவது ஆகிய யாவும் இயந்திரத்தின் முடிவுகளே. மின்னொளி வேண்டாமெனில், கமராவைத் திறக்குந்தோறும் அதனை அணைத்துவிட வேண்டும். மறந்தால் அது மீண்டும் தன் எண்ணப்படியே எரியும். எடுப்பவருக்கு எஞ்சியது எங்கே நிற்பது, எப்பொழுது அமுக்குவது என்னும் இரண்டுமே. இக்கருவியைக் கையிலேந்தித் 'தானியங்கிக்கு எதிரான கலகம்' பேசுவோர், தாம் ஏந்தியிருப்பது அக்காலத்துத் தானியங்கியின் உச்சம் என்பதை மறந்துவிடுகின்றனர். கலகத்துக்குரிய கருவி வேண்டுமெனில், ஒளியளவுமானியுமற்ற பழைய கமரா ஒன்றைத் தேடுவதே முறை. ஆனால் அது அழகாகத் தொங்காது.

படம் கமராவை விட்டு வெளியேறிய பின்னரும் கதை இதுவே. 1972 இலிருந்து நிறப்படச் சுருள்கள் உலகெங்கும் ஒரே முறையில், ஏறத்தாழ 38 பாகை வெப்பநிலையில், மூன்றேகால் நிமிடம் உருத்துலக்கும் கரைசலில் இடப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் யப்பானில் தோன்றிய சிறு கழுவும் இயந்திரங்கள் நகர்தோறும் கடைகளுக்குள் வந்தபோது, ஒவ்வொரு நெகற்றிவின் நிறத்தையும் செறிவையும் இயந்திரமே சராசரி பார்த்துத் திருத்தி அச்சிட்டது. மாலை வெயிலின் செம்மையைத் 'தவறு' எனக் கண்டு நீலமூட்டிய அச்சுகள் எத்தனையோ அல்பங்களில் உள்ளன. அதற்கும் முந்திய ஸ்ரூடியோக்களிலோ கண்ணாடி, சீப்பு, பவுடர்ப் பேணி ஆகியன வாசலிலேயே காத்திருந்தன. எஞ்சிய பருவையும் தழும்பையும் நெகற்றிவின் மீது கூர்மையான பென்சில் மறைத்தது. பிலிமில் விழுந்தது விழுந்தபடியே கிடக்கும் என்பது மெய்தான். ஆனால் பிலிமை யாரும் அல்பத்தில் ஒட்டுவதில்லை.

இன்றைய நிலை இன்னும் விசித்திரமானது. 2017 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் பிரபலர் ஒருவர் தமது 'கொன்டாக்ஸ் ரி2' கமராவைக் காட்டிய பின்னர், 1990 இல் வெளிவந்த அக்கருவியின் பழைய பிரதிகளுக்குப் போட்டி எழுந்து விலை பன்மடங்காயிற்று. 2024 இற் பென்ராக்ஸ் நிறுவனம் புதிய படச்சுருட் கமராவையே செய்து 500 டொலர் அளவில் விற்றது. இவ்வளவு செலவிட்டு எடுக்கப்படும் சுருளுக்கு நேர்வது யாது? அது கடைக்குச் செல்கின்றது; கழுவப்படுகின்றது; இயந்திரத்தால் எண்மப் படமாக்கப்படுகின்றது; மின்னஞ்சல் வழியே எடுத்தவரின் கைத்தொலைபேசிக்கு வருகின்றது; அங்கிருந்து சமூக ஊடகத்துக்குப் போகின்றது. நெகற்றிவைத் திரும்பப் பெற வருவோர் சிலரே எனக் கழுவுங் கடைக்காரர் பல நாடுகளிலும் முறையிடுகின்றனர். படச்சுருள் முறையில் எடுத்தவருக்கு உண்மையிற் சொந்தமாகும் ஒரே பொருள் நெகற்றிவாகும். அதனைக் கடையிலே கைவிட்டு, அதன் 'நிறச்சுவையை' மட்டும் எடுத்துச்செல்வது, நெல்லை வயலில் விட்டு வைக்கோலை வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு ஒப்பாகும்.

அந்த நிறச்சுவைக்கும் ஒரு வரலாறுண்டு. நிறப்படச் சுருளின் இரசாயனத்தைச் சமன்செய்வதற்குக் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைத்தோற் பெண்ணொருத்தியின் உருவமே. 'ஷேர்லி' என அவ்வட்டைகள் வழங்கப்பட்டன. அவளது தோல் சரியாக வந்தால் உலகம் சரியாக வந்ததாகக் கொள்ளப்பட்டது. கறுத்த முகங்கள் நிழலில் மூழ்கிக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தமைக்கு ஒளி பற்றாமையே காரணம் எனக் கூறப்பட்டது. கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தைத் துலக்கியது. கபில நிறங்களைப் படச்சுருள் நன்கு காட்டத் தொடங்கியதற்குக் கறுப்பின மக்களின் முறைப்பாட்டைவிட, தமது மரத்தளபாடமும் சொக்கலேற்றும் விளம்பரங்களில் ஒரே நிறமாகத் தெரிவதாகக் கம்பனிகள் செய்த முறைப்பாடே கூடுதலாக உதவியதாம். 1970களின் பிற்பகுதியில் மொசாம்பிக் அரசின் அழைப்பிற் சென்ற பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் கொடார், கொடாக் படச்சுருளை இனவாதச் சுருள் எனக் கூறிப் பயன்படுத்த மறுத்தார். போலறோயிட் நிறுவனத்தின் கருவிகள் தென்னாபிரிக்காவிற் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்திய அனுமதிப் புத்தகங்களுக்குப் படம்பிடிக்கப் பயன்படுவதை 1970 இற் கண்டுபிடித்த அந்நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர் இருவர், கரொலைன் ஹன்ரரும் கென் வில்லியம்சும், போராட்டம் தொடங்கினர். 1977 இல் நிறுவனம் அந்நாட்டை விட்டு வெளியேறிற்று. இவையெல்லாம் நிகழ்ந்தது கணினி புகாத, 'நேர்மையான' படச்சுருளின் பொற்காலத்திலேதான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ உள்ள பழைய திருமண அல்பமொன்றைப் புரட்டி, வெள்ளைப்பட்டு வேட்டிக்கும் அணிந்தவர் முகத்துக்கும் இடையிற் படச்சுருள் எதனைக் காப்பாற்றியுள்ளது என்று பார்ப்போருக்கு இது விளங்கும்.

இனிக் கைத்தொலைபேசியின் ஆதரவாளரை நோக்கலாம். அவர்தம் வாதத்தில் ஓர் உண்மை உண்டு; அதனை மறுப்பது நேர்மையாகாது. படம் எடுப்பதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமற் போனமை சாதாரண மக்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை. பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்கு ஒரு படம், சாமத்தியச் சடங்குக்கு ஒரு சுருள், அடையாள அட்டைக்கு ஒரு படம் என வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் ஒரே நாளில் நூறு படம் எடுக்கின்றனர். வறியவர் வீட்டிலும் இன்று முகங்கள் எஞ்சுகின்றன. ஆயினும் எடுப்பது பரவலாயிற்று என்பதிலிருந்து ஆக்குவதும் பரவலாயிற்று என்ற முடிவுக்குத் தாவுவதே தவறு. உண்மையில் ஆக்குதல் முன்னெப்போதையும்விடச் சிலர் கையிற் குவிந்துள்ளது.

காரணம் பௌதிகவியலில் தொடங்குகின்றது. 35 மில்லிமீற்றர்ச் சுருளின் ஒரு கட்டம் 36க்கு 24 மில்லிமீற்றர். உயர்ந்த விலையுள்ள கைத்தொலைபேசியின் ஒளியுணரிகூடப் பரப்பளவில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவினதே. மலிவானவற்றில் இன்னும் சிறியது. இவ்வளவு சிறிய இடத்தில் விழும் ஒளி இரவிலும் வீட்டினுள்ளும் போதாது. எனவே கருவி ஒரு படத்தை எடுப்பதில்லை. பொத்தான் அமுக்கப்படுமுன்னரும் பின்னரும் பல கட்டங்களைத் தொடர்ந்து பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, கைநடுக்கத்தைக் கழித்து, வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தி, கூர்மையூட்டி ஒரு படத்தை ஆக்குகின்றது. 2013 அளவிற் கூகிளின் கைத்தொலைபேசியில் இது பரவலாயிற்று. 2018 இல் அந்நிறுவனத்தின் இரவுப்படமுறை இருட்டையே பகலாக்கிற்று. இதனைப் பொய் என்று ஒதுக்குவோர் அவசரப்படுகின்றனர். பல கட்டங்களைக் கூட்டினாலும், கூட்டப்பட்ட ஒளி அக்கணத்தில் அப்பொருளிலிருந்து வில்லையூடாக வந்த ஒளிதான்.

ஆனால் 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் வேறுவகையானது. ஒருவர் சந்திரனின் படமொன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, அதன் விவரங்கள் யாவும் அழியச் சிறிதாக்கி, கணினித் திரையில் இட்டு, இருளறையின் மறுபுறத்திலிருந்து சம்சுங் கைத்தொலைபேசியாற் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் இருந்தன. சந்திரனை அடையாளங்கண்டு அதன் விவரங்களைத் துலக்கும் முறை தனது கருவியில் உள்ளதென நிறுவனமும் விளக்கமளித்தது. இங்கு வில்லையூடாக வராத ஒன்று படத்தில் வந்துவிட்டது. சந்திரன் எங்ஙனம் இருக்கும் என்று கருவி முன்னரே கற்றிருந்ததை அது கண்டதாகச் சொல்லிற்று. வந்த ஒளியைச் சேர்ப்பதற்கும் வராத ஒளியைத் தன் கற்கையிலிருந்து இட்டு நிரப்புவதற்கும் இடையிலுள்ள கோடே இச்சர்ச்சையின் மையமாக இருக்கவேண்டியது. பிலிமா, தொலைபேசியா என்னும் கோடு அதற்கு ஒரு நாளும் ஈடாகாது. சந்திரன் அகப்பட்டமை நற்பேறு எனலாம். அது எல்லோருக்கும் தெரிந்த முகம். எவருக்கும் தெரியாத ஒரு முகத்திற் கருவி எதனை நிரப்பியது என்று யார் கண்டுபிடிப்பர்?

இவ்வினா ஈழத் தமிழருக்கு வெறும் அழகியல் வினாவன்று. 2009 ஆகஸ்ட் 25 அன்று பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கைத்தொலைபேசியிற் பதிவானது எனக் கூறப்பட்ட குறும் ஒளிப்பதிவொன்றை வெளியிட்டது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட நிர்வாண மனிதர் சுட்டுக்கொல்லப்படுவதை அது காட்டிற்று. அது புனையப்பட்டது என இலங்கை அரசாங்கம் கூறித் தன் தரப்பு நிபுணர்களை முன்னிறுத்தியது. ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் சுடுகலன், தடயவியல் நோய்க்குணவியல், ஒளிப்பதிவுப் பகுப்பாய்வு ஆகிய மூன்று துறை நிபுணர்களைக் கொண்டு அதனை ஆராய்வித்து, 2010 சனவரி 7 அன்று முடிவுகளை வெளியிட்டார். பதிவிலிருந்த தேதி உட்படச் சில கூறுகளுக்கு முழு விளக்கம் கிடைக்காவிடினும், ஒளிப்பதிவு மெய்யானது என்பதையே ஆய்வு வலுவாகச் சுட்டிற்று. அவருக்குப் பின்வந்த கிறிஸ்ரொவ் ஹேன்ஸ் 2011 இல் நீண்ட பதிவொன்றை ஆராய்வித்து அதனையே உறுதிசெய்தார். 2011 யூனில் வெளியான சனல் 4 விவரணப்படத்திலும் கைத்தொலைபேசிப் பதிவுகள் முக்கிய இடம்பெற்றன. அவற்றிற் சில பாதிக்கப்பட்டோர் எடுத்தவை. சில வென்றோர் தம் வெற்றிச் சின்னமாக எடுத்தவை.

அன்றைய நிபுணர்கள் ஆராய்ந்தது எத்தகைய கோப்பை என்பது மனங்கொளற்பாலது. அது தரங்குறைந்த, மங்கலான, ஆனால் தன்னறிவற்ற கருவியின் பதிவு. கருவிக்கு மனித உடல் எப்படி விழும் என்று தெரியாது. குருதி எந்நிறம் என்று தெரியாது. தெரியாமையே அதன் சாட்சியத்துக்கு வலிமையாயிற்று. இத்தகைய பதிவு நாளை இன்றைய கருவியொன்றில் எடுக்கப்பட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதற் கேள்வி சந்திரனைப் பற்றியதாகவே இருக்கும். இக்கருவி இல்லாததை இட்டு நிரப்பும் என அதனைச் செய்தவரே ஒப்புக்கொள்ளும்போது, இப்படத்தில் எது விழுந்தது, எது நிரப்பப்பட்டது? இரவுப் படம் அழகாக வரவேண்டும் என்னும் சந்தைத் தேவைக்காகச் செய்யப்பட்ட முடிவு, கொலையுண்டவரின் சாட்சியத்தை ஐயத்துக்குள்ளாக்கும் ஆயுதமாக மாறுவதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. வலுவுள்ளோர் பொய்ப்படத்தைச் செய்வர் என்பது பழைய அச்சம். மெய்ப்படத்தையும் பொய் என்று தள்ளிவிட அவர்களுக்கு இப்பொழுது ஒரு காரணம் கிடைத்திருக்கின்றது என்பதே புதிய ஆபத்து.

இதற்கு மாற்றாகப் படத்தின் பிறப்புச் சான்றைக் கருவியே முத்திரையிட்டுக் கொடுக்கும் முறையொன்று வந்துள்ளது. 2023 இல் அதனை முதன்முதல் உட்கொண்டு வெளிவந்த கமரா லைக்கா நிறுவனத்தினது. விலை 9,000 டொலருக்கு மேல். 2025 இற் கூகிளின் கைத்தொலைபேசியிலும் அம்முறை வந்தது. நல்லதே. ஆயினும் சான்றிதழ் வழங்குபவரும், வில்லைக்கும் படத்துக்கும் இடையில் முடிவெடுப்பவரும் ஒருவராகவே இருப்பதையும், பழைய மலிவுத் தொலைபேசியுடன் வயலிலும் தோட்டத்திலும் நிற்பவர் சான்றற்றவராகவே நிற்பதையும் கவனிக்காது இதனைக் கொண்டாடுவது பேதைமை.

கருவி பற்றிய பேச்சு மறைத்துவிடும் பிறிதொன்று பெயர். யூலியா மாகரெற் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். 1877 இல் அங்கு விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரையும் படமெடுத்தார். அம்மையாரின் படத்துக்குப் பெயருண்டு, ஆண்டுண்டு. உழைப்பாளரின் படங்களுக்கோ களுத்துறைக் குடியானவர் குழு என்பது போன்ற தலைப்பே எஞ்சியது. பின்னர் கொழும்புக் கம்பனிகள் அச்சிட்டு விற்ற அஞ்சலட்டைகளிலும் மூக்குத்தியும் அட்டிகையும் அணிந்த பெண் 'தமிழ்ப் பெண்' என்ற அளவிலேயே உலகெங்கும் போனாள். அவள் வீட்டில் அந்த அட்டை இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. படத்திலிருப்பவருக்குப் பெயரில்லாதபோது அவர் மாதிரியாகின்றார். பெயர் உள்ளபோதே ஆளாகின்றார்.

இதனை எவரும் கற்பிக்காமலே அறிந்துகொண்டோர் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கின் பிற நகரங்களுக்கும் பரவிய தொடர் போராட்டங்களில் அவர்கள் ஏந்தியிருக்கும் படங்களை உற்றுநோக்குதல் வேண்டும். சில அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டவை. சில பிறந்தநாட் படத்திலிருந்தோ திருமண வீட்டுப் படத்திலிருந்தோ வெட்டிப் பெருப்பிக்கப்பட்டவை. தோளருகே வேறொருவரின் சேலைக்கரை தெரியும், பின்னால் மின்னொளியின் கறுத்த நிழல் சுவரில் ஒட்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சிறிய கமராவில் எடுக்கப்பட்டவை அவற்றுட் பல. மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த 1990களின் வடக்கில், மின்கலமின்றி இயங்காத அக்கருவி ஒவ்வொரு முறை சொடுக்கியதும் ஓர் அருமையே. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும், 2004 ஆழிப்பேரலையிலும், 2009 இன் இறுதி மாதங்களிலும் அல்பங்கள் அழிந்தன. தப்பியவை உறுதிகளோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் பொலித்தீன் பைகளிற் சுற்றப்பட்டு வந்தவை. அப்படங்களின் கீழே பெயரும் காணாமற்போன திகதியும் இடமும் எழுதப்பட்டுள்ளன. கலைநயம் பற்றி அங்கே எவரும் கேட்பதில்லை. ஆனால் எந்த ஆணைக்குழுவின் முன்னும், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் முன்னும், நீட்டப்பட்ட பொருள் அதுவே.

அத்தாயின் இடத்தில் இருபதாண்டுகளின் பின் நிற்கப்போகும் ஒருவரிடம் என்ன இருக்கும் என்று எண்ணிப்பார்க்கவேண்டியுள்ளது. கடவுச்சொல் தெரியாத தொலைபேசி ஒன்று இருக்கக்கூடும். 2021 யூன் முதலாந் திகதியுடன் கூகிள் தனது அளவற்ற இலவசப் படச்சேமிப்பை நிறுத்தி 15 கிகாபைற்றுக்கு வரையறுத்தது. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டாண்டுகள் திறக்கப்படாத தனியார் கணக்குகளை அவற்றிலுள்ள படங்களோடு நீக்கலாம் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது. இறந்தவரும் சிறையிலிருப்பவரும் காணாமலாக்கப்பட்டவரும் தம் கணக்கைத் திறக்கப்போவதில்லை. வட்ஸ்அப் வழியே பகிரப்பட்டு எஞ்சும் பிரதியோ சுருக்கப்பட்டு, எடுத்த திகதியும் இடமும் கழற்றப்பட்டே வந்துசேரும். இதற்கிடையில் தொலைபேசி முகங்களைத் தானே வகைப்படுத்தி, இவர் யார் என்று கேட்கின்றது. பெயர் எழுதப்படுகின்றதுதான், யாருடைய ஏட்டில் என்பதே கேள்வி. கொடாக் 1888 இல் எடுத்துச்சென்ற 'மிகுதி'க்குள் அன்று கழுவுதலும் அச்சிடுதலும் மட்டுமே அடங்கியிருந்தன. இன்று நினைவிற்கொள்வதும், பெயரிடுவதும், எப்பொழுது மறக்கவேண்டும் எனத் தீர்மானிப்பதும் அதனுட் சேர்ந்துவிட்டன.

ஆதலால் எக்கருவி நல்லது என்னும் பட்டிமன்றத்தை ஒருபுறம் வைத்து, மிகுதியைத் திரும்பப் பெறுவது எவ்வாறு என்று ஆராய்வதே மாணவர்க்கு அழகு. அது இயலாத காரியமன்று. 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம், அரசினதோ பெருங்கம்பனியினதோ தயவை எதிர்பாராது ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மமாக்கியதோடு, புகைப்படங்களையும் விவரக் குறிப்புகளோடு ஆவணப்படுத்தி வருகின்றது. படச்சுருளில் எடுப்போர் நெகற்றிவைக் கடையிலிருந்து மீட்டு, ஈரப்பதனும் பூஞ்சணமும் அணுகாத பெட்டியில் வைக்கலாம். தொலைபேசியில் எடுப்போர், முக்கியமான நிகழ்வுகளிலேனும் கருவியின் மெருகூட்டலுக்கு முந்திய மூலக் கோப்பைச் சேமிக்கும் வசதி தம் கருவியில் இருப்பின் அதனைத் திறந்துவிடலாம். பகிர்ந்த பிரதியை அல்லாது மூலத்தைத் தம் சொந்தச் சேமிப்பில் வைக்கலாம். பத்துப் படத்தையேனும் அச்சிட்டுப் பின்புறத்திற் பென்சிலால் எழுதலாம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களே இவ்விடயத்திற் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்கவேண்டியவை. பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால் செயற்குழுவின் கறுப்பு வெள்ளைப் படமொன்று தவறாது இருக்கும். அச்சு மங்கி, முகங்கள் பாதி கறுத்திருக்கும். அதன் கீழே அமர்ந்திருப்போர், நிற்போர் என வரிசை பிரித்து, இடமிருந்து வலமாக ஒருவர் விடாது பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அன்று சமுகமளிக்காதவர் பெயரும் தனியே இருக்கும். அவர்களுட் பின்னர் நாட்டைவிட்டுச் சென்றவரும், கொல்லப்பட்டவரும், இருக்குமிடம் தெரியாதவரும் உளர். தேடுவோருக்கு அம்மங்கிய படமே துணை. இன்றைய கலைவிழாவொன்றில் ஆயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன, யாவும் துல்லியமானவை. அடுத்த விழா வருமுன் அவை எங்கே என்று கேட்டால், ஒருவர் தொலைபேசியை மாற்றிவிட்டார் என்றும், இன்னொருவர் இடமில்லாமல் அழித்துவிட்டார் என்றும், மற்றவரது இணைப்புக் காலாவதியாகிவிட்டது என்றும் விடை வரும். இறுதியாண்டு மாணவர் விடுதியை விட்டுப் போவதற்கு முன், அவர்தம் தொலைபேசிகளில் உள்ள நான்காண்டுப் படங்களைச் சங்கம் கேட்டு வாங்கவேண்டும். அவர்கள் பக்கத்திலிருக்கும்போதே, படத்திலுள்ளோர் இவர் இவர் எனக் கேட்டு, இடமிருந்து வலமாக எழுதிக்கொள்ளவும் வேண்டும். வருகிற தவணைப் பரீட்சை முடிந்ததும் அவர்கள் போய்விடுவர்.